செல்லரித்த கிதாபுகள்

மனிதன் வீடு கட்டிக் குடியேறிய நாளிலேயே அழையா விருந்தினரும் அவனோடு குடிபுகுந்துவிட்டனர். நெற்குதிரை எலி கண்டுகொண்டது. அடுக்களையைக் கரப்பான் கண்டுகொண்டது. பட்டுத் துணியை அந்துப்பூச்சியும், புத்தகத்தை இராமபாணப் பூச்சியும், நிலைக்கதவையும் உத்தரத்தையும் கறையானும் தத்தமக்கு உரியவையாக்கிக்கொண்டன. அரசர்கள் நடத்திய போர்களை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதினர். வீட்டுக்குள் ஓயாது நடந்துவரும் இந்தப் போரை எழுதியவர் சிலரே. ஆயினும் நம் முன்னோரின் அறிவுச் செல்வத்தில் அழிந்து போனவற்றைக் கணக்கிடப் புகுந்தால், இச்சிற்றுயிர்களின் பங்கு சிறிதாயிராது. இதைப் பற்றிச் சிந்திக்க நம்மைத் தூண்டியது ஒரு மரப்பெட்டி.

விழுப்புரம் மாவட்டத்து முகையூருக்கு அண்மையிலுள்ள ஓர் இல்லத்தில் அந்தப் பெட்டி இருந்தது. "ஹஜ்ரத், எங்க நன்னா காலத்துக் கிதாபுங்க பெட்டியிலே கிடக்கு. ஒரு தரம் வந்து பார்த்துச் சொல்லுங்களேன்" என்று அவ்வீட்டு மூதாட்டியார் பல ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் சொல்லியிருந்தார். "இன்ஷா அல்லாஹ், வருகிறோம்" என்று நாமும் சொல்லியிருந்தோம். சொன்னதோடு சரி. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. ஊரெங்கும் சுவர்கள் ஈரத்தில் ஊறின. மழை ஓய்ந்து சில திங்கள் சென்ற பிறகே நாம் அந்த இல்லத்திற்குச் சென்றோம்.

பெட்டி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பூட்டு இருந்தது, பித்தளைப் பட்டையும் இருந்தது. திறந்தபோதுதான் அடிப்பலகை இல்லையென்பது தெரிந்தது. சுவரோரத்து மண்ணிலிருந்து விரல் பருமனில் ஒரு மண்குழாய் ஏறிவந்து, கிதாபுகளின் நடுவே புகுந்திருந்தது. மேலட்டையும் ஓரங்களும் எஞ்சியிருந்தன, நடுப்பகுதி மண்ணாகியிருந்தது. ஒரு கிதாபின் இறுதி ஏட்டில், எழுதி முடித்த ஆண்டைக் குறிக்கும் இடத்தில், ஹிஜ்ரி என்ற சொல்லும் 12 என்ற இரண்டு இலக்கங்களும் மட்டும் இருந்தன. அடுத்த இரண்டு இலக்கங்களும், எழுதியவரின் பெயரும் கறையானுக்கு இரையாகியிருந்தன.

எஞ்சிய ஓரங்களில் ஒரு செய்தி இருந்தது. நூல் தொழுகை, நோன்பு பற்றிய சட்டங்களைக் கூறும் அரபுத்தமிழ்க் கிதாபு. அதன் ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், பிள்ளைகள் பிறந்த நாட்கள் அரபுத்தமிழிலேயே குறிக்கப்பட்டிருந்தன. எழுத்தின் வாசகத்தைக் கொண்டு, அது அவ்வீட்டில் வாழ்ந்த ஒரு தாயின் கை எழுதியது என அறிந்தோம். "எங்க பாட்டியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க" என்று அம்மூதாட்டியார் வியந்தார். தமிழ் எழுத்தை அறியாதவர் என்பதனால் எழுத்தறிவே இல்லாதவர் என்று குடும்பமே எண்ணிவிட்டது. அரபு எழுத்தால் தமிழை எழுதவும் ஓதவும் அறிந்த பெண்மணிகள் நம் சமுதாயத்தில் பலர் இருந்தனர். அவர்களுக்குச் சான்று கூறுபவை இத்தகைய ஏட்டோரங்களே. அந்தச் சான்றுதான் இன்று கறையானின் வாயில் இருக்கிறது.

செல் என்னும் சிற்றுயிர்

தமிழில் கறையானுக்குச் 'செல்' என்றும் பெயருண்டு. செல்லரித்த ஏடு என்று நாம் சொல்வது இதனாலேயே. வெள்ளை எறும்பு என்று சிலர் இதனை அழைத்தாலும், இது எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. கரப்பான் பூச்சியே இதற்கு நெருங்கிய உறவு என்று விலங்கியலார் கண்டுள்ளனர். எறும்போ இதற்குப் பகை. நம் பகுதியில் புற்றெழுப்பி வாழும் கறையான்கள், தின்ற மரத்தையும் தாளையும் கொண்டு புற்றினுள்ளே ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அதனை உணவாகக் கொள்கின்றன. வெளிச்சமும் வறட்சியும் இவற்றிற்கு ஆகா. ஆகவேதான் மண்ணால் கூரையிட்ட பாதையமைத்து, அதன் மறைவிலேயே நடக்கின்றன. முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல்கள் இவற்றின் சிறகு முளைத்த கூட்டமேயாகும்.

மற்றப் பூச்சிகளின் இயல்பும் இதற்கு ஒத்ததே. இராமபாணப் பூச்சி புத்தகக் கட்டிலுள்ள பசைமாவைத் தேடி வருகிறது. கரப்பான் அட்டையின் கஞ்சிப்பசையைச் சுரண்டுகிறது. எலி தாளைத் தின்பதைக் காட்டிலும், குட்டிகளுக்குப் படுக்கையமைக்கவே அதனைக் கிழித்தெடுக்கிறது. இவை யாவும் விரும்புவன மூன்று: இருட்டு, ஈரம், ஆள் நடமாட்டமின்மை. இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கும் இடம் எது? பல்லாண்டுகளாகத் திறக்கப்படாத பெட்டியே.

திருமறையும் சீறாவும் தரும் செய்திகள்

கறையானை இழிந்த உயிராக எண்ணி ஒதுக்குவதற்கு நமக்கு உரிமையில்லை. சுலைமான் நபி (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தவாறே உயிர் நீத்ததையும், அவர்கள் உயிரோடிருப்பதாக எண்ணி ஜின்கள் உழைத்துக்கொண்டே இருந்ததையும், பூமியின் ஒரு சிற்றுயிர் அத்தடியை அரித்துத் தின்றபோதே உண்மை வெளிப்பட்டதையும் திருமறையின் 34ஆம் அத்தியாயம் 14ஆம் வசனம் கூறுகிறது. அச்சிற்றுயிர் கறையானே என விரிவுரையாளர்கள் விளக்கினர்.

இரண்டாவது நிகழ்ச்சி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றில் வருவது. நபித்துவத்தின் ஏழாம் ஆண்டளவில், அதாவது கி.பி. 616ஐ ஒட்டி, மக்கத்துக் குறைஷியர் ஹாஷிம் குடும்பத்தாரையும் முத்தலிப் குடும்பத்தாரையும் விலக்கி வைத்தனர். அவர்களோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, வாணிகம் இல்லை என்று பத்திரம் எழுதிக் கஃபாவினுள் தொங்கவிட்டனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அக்குடும்பத்தார் அபூதாலிப் கணவாயில் பசியோடு வாடினர். இறுதியில் மனச்சான்று உடைய சிலர் அதை முறிக்க முன்வந்தனர். முத்இம் இப்னு அதீ அப்பத்திரத்தைக் கிழிக்கச் சென்றபோது, தொடக்கத்தில் இருந்த இறைவனின் திருப்பெயரைத் தவிர மற்றவை அனைத்தையும் கறையான் அரித்துவிட்டிருந்தது என்று இப்னு இஸ்ஹாக்கின் வழிவந்த சீறா நூல் கூறுகிறது.

கொடுமையை எழுதிய ஏட்டைக் கறையான் தின்றது, அது அருளாயிற்று. அறிவை எழுதிய ஏட்டையும் கறையான் தின்கிறது, அது இழப்பாகிறது. கறையானுக்கு இரண்டும் ஒன்றே. எதைக் காக்க வேண்டும் என்ற பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. அது நம்மிடமே ஒப்படைக்கப்பட்டது.

வீட்டில் புகும் உயிர்களை எதிர்கொள்வதிலும் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல் அளவறிந்ததாக உள்ளது. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக்கூடும் என்பதால், உறங்குமுன் விளக்கை அணைக்கும்படி அறிவுறுத்தினார்கள். எலியைக் கொல்ல அனுமதியும் உண்டு. ஆனால் ஓர் எறும்பு கடித்ததற்காகப் புற்று முழுவதையும் எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை இறைவன் கடிந்துகொண்ட செய்தியையும் அவர்களே எடுத்துரைத்தார்கள். தீங்கைத் தடுக்கலாம், எல்லை மீறலாகாது என்பதே இதன் கருத்து.

கபீகஜும் வசம்பும்

அரபு நாட்டுக் கையெழுத்துப் பிரதிகளைப் புரட்டியவர்கள், முதல் ஏட்டிலோ கடைசி ஏட்டிலோ 'யா கபீகஜ்' என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பர். கபீகஜ் என்பது மத்திய தரைக்கடல் நாடுகளிலும் பாரசீகத்திலும் விளையும் நச்சுத்தன்மையுள்ள ஒரு பூச்செடியின் பெயர். பூச்சியை விரட்ட அச்செடியை ஏட்டினிடையே வைக்கும் வழக்கம் முதலில் இருந்திருக்க வேண்டும் என்றும், பின்னர் செடி கிடைக்காத இடங்களில் பெயரை மட்டும் எழுதத் தொடங்கினர் என்றும் ஆய்வாளர் கருதுவர். காலப்போக்கில் அது பூச்சிகளின் அரசனுடைய பெயர் என்றும், ஒரு ஜின்னின் பெயர் என்றும் மக்கள் நம்பலாயினர். மருந்து மறைந்து, மருந்தின் பெயர் மட்டும் மிஞ்சிய கதை இது. கபீகஜ் என எழுதப்பட்ட ஏட்டிலேயே பூச்சித் துளைகளும் காணப்படுவதுண்டு.

நம் தமிழகத்தில் நிலைமை வேறு. இங்கு மருந்து கையில் இருந்தது, பெயரைத்தான் சொல்லமாட்டார்கள். வசம்பைப் 'பேர் சொல்லா மருந்து' என்றும் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் நம் தாய்மார் அழைப்பதை யாவரும் அறிவர். பிள்ளையின் கையில் வளையலாகக் கட்டிய அதே வசம்பைச் சுவடிக் கட்டினுள்ளும் வைத்தனர். பனையோலையை வெந்நீரிலிட்டுப் பதப்படுத்தி, மஞ்சள் பூசினர். எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் தடவினர். வேப்பிலையைப் பெட்டியில் பரப்பினர். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணிமுடிச்சாக்கிச் சுவடிகளிடையே வைக்கும் முறை கையாளப்பட்டது. எலுமிச்சம்புல் எண்ணெயைத் தடவி ஓலை முறியாமல் காப்பதும் சுவடி நூலகங்களில் வழக்கம். நோய் தீர்க்கும் பொருளென நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்த கருஞ்சீரகம், தஞ்சையில் நூல் காக்கும் பொருளாகவும் விளங்கிற்று.

வேம்பின் சிறப்பை அறிவியல் பின்னரே உணர்ந்தது. 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது, இந்தியாவிலிருந்து சென்று அங்கு வேரூன்றியிருந்த வேப்பமரங்கள் மட்டும் தழையோடு நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலார் ஷ்முட்டரர் கண்டார். 1968இல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சிக்கு உணவை வெறுக்கச் செய்து, அதன் வளர்ச்சியைக் குலைப்பது அதன் இயல்பு. ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் அரஃபாத் பெருவெளியில் நிழல் தரும் வேப்பமரங்களைக் கண்டிருப்பர். நம் பாட்டியார் பெட்டியில் பரப்பிய தழையின் இனமே அங்கும் நிற்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வசம்பின் காரமும் வேம்பின் கசப்பும் நெடுநாள் நில்லா. சில திங்களில் மணம் போய்விடும்; மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்குப் பெட்டியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் காற்றும் ஒளியும் புகும், தூசி தட்டப்படும், கறையான் பாதை கண்ணில் படும், ஏடும் படிக்கப்படும். முன்னோர் வைத்த மருந்தில் பாதி அந்தத் துணிமுடிச்சில் இருந்தது. மறுபாதி, அதை மாற்ற வந்த கையில் இருந்தது.

அண்டை அயலார் செய்தது

இவ்வுண்மையை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. முகையூர் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் உள்ளது. அங்கு ஓலைச்சுவடிகள் பேணப்பட்டு வருகின்றன. திகம்பர சமணர்கள் ஆண்டுதோறும் சுருத பஞ்சமி என்னும் நாளில் தங்கள் நூல்களை வெளியே எடுத்துத் துடைத்து, துணி மாற்றி வைக்கும் மரபுடையவர்கள். சிற்றுயிரையும் கொல்லலாகாது என்ற நெறியுடைய அவர்களுக்கு நஞ்சு வைக்கும் வழியில்லை. ஆகவே எடுத்துத் துடைப்பதையே கடமையாக்கிக்கொண்டனர்.

அருகிலுள்ள புதுச்சேரியில், பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் ஊர்தோறும் வீடுதோறும் தேடிச் சேர்த்த ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பெட்டியில் கிடந்தபோது அவை ஒரு குடும்பத்தின் சுமையாயிருந்தன. வெளியே வந்தபோது உலகின் செல்வமாயின.

நாம் இழந்ததும் காத்ததும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய நூலாகக் கருதப்படுவது பல்சந்தமாலை. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆசிரியர் பெயரும் தெரியவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்களே. அவையும் நம்மவர் பெட்டியிலிருந்து கிடைத்தவையல்ல. களவியற்காரிகை என்னும் அகப்பொருள் நூலின் உரைகாரர் அவற்றை மேற்கோளாக எடுத்தாண்டிருந்தார். அவ்வுரையைப் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை பதிப்பித்ததாலேயே பல்சந்தமாலை என்றொரு நூல் இருந்ததை நாம் அறிகிறோம். பூட்டி வைத்த பிரதிகள் போயின. பிறர் படித்து எடுத்தெழுதிய எட்டுப் பாடல்கள் நின்றன.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1572இல் இயற்றப்பட்ட ஆயிர மசலா இன்றும் நம் கையில் உள்ளது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நூறாண்டுக்கும் மேலாக ஏட்டுவடிவில் படிக்கப்பட்டு, பாடப்பட்டு, படியெடுக்கப்பட்டு வந்தது. 1835இல் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. அதன் பின் ஏழே ஆண்டுகளில், 1842இல், காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனை அச்சேற்றினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் அச்சாகித் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுகள்தோறும் ஓதப்பட்டன. 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், ம. மு. உவைஸ் போன்ற அறிஞர்களின் உழைப்பும் பல நூல்களை மறதியிலிருந்து மீட்டன. ஆயினும் அறிஞர் எவரும் எட்டிப் பாராத பெட்டிகள் சிற்றூர்களில் இன்னும் உள்ளன. முகையூர்ப் பக்கத்துப் பெட்டி அவற்றுள் ஒன்று.

செய்ய வேண்டுவன

பூச்சியைக் கண்டதும் நஞ்சுத்தூளைக் கொட்டுவது இந்நாள் வழக்கம். டி.டி.டி.யும் ஆல்ட்ரினும் ஒருகாலத்தில் வீடுகளிலும் நூலகங்களிலும் தாராளமாகத் தூவப்பட்டன. அவை மண்ணிலும் உடலிலும் நெடுங்காலம் தங்குபவை எனத் தெரிந்தபின், ஆல்ட்ரின் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது; டி.டி.டி. வேளாண்மையில் விலக்கப்பட்டது. பிள்ளைகள் கைபடும் கிதாபில் நஞ்சைத் தூவுதல் எவ்வகையிலும் தகாது. வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுள்ள பலகைமேல் வைக்கலாம். மாதம் ஒருமுறை திறந்து, நிழலில் காற்றாட விடலாம். கடும் வெயில் தாளை முறிக்கும். மென்மையான துணியால் தூசி நீக்கி, வசம்பையோ உலர்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து வைத்து, மணம் போனதும் மாற்றலாம். கிழிந்த தாளை மைதாப் பசையால் ஒட்டுதல் இராமபாணத்திற்கு விருந்து வைப்பதாகும்; அதைத் தவிர்க்க வேண்டும். சுவரில் மண்குழாய் கண்டால் அதைத் தட்டிவிடுவதோடு நில்லாமல், ஈரம் எங்கிருந்து வருகிறதெனத் தேட வேண்டும்.

இவற்றினும் முதன்மையானவை இரண்டு. பழைய ஏடு என்பதற்காக மண்ணில் புதைக்கவோ கிணற்றில் இடவோ முற்படுமுன், ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். இறைவசனங்கள் உள்ள தாளுக்கு மரியாதை செய்வதாக எண்ணி, வேறெங்கும் பிரதியில்லாத நூலையே நாம் புதைத்துவிடக்கூடும். அடுத்தது, ஒவ்வோர் ஏட்டையும் ஓரக்குறிப்புகளோடு படம் எடுத்து வைக்க வேண்டும். முன்னோர் ஒரு நூலைப் படியெடுக்கத் திங்கள் பல உழைத்தனர். இன்று வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசி ஒரு பிற்பகலில் அதைச் செய்துவிடும்.

அந்த மூதாட்டியாரின் பெட்டியில் நாம் காப்பாற்ற முடிந்தது பதினொரு ஏடுகளும் சில ஓரங்களுமே. அவருடைய பேரப்பிள்ளைகள் அவற்றைப் படம் பிடித்தனர். பாட்டியார் குறித்து வைத்த பிறந்தநாட்களை நாம் ஓதிக்காட்ட, ஒரு பேத்தி தமிழில் எழுதிக்கொண்டாள். நாம் முதன்முறை அழைக்கப்பட்டபோதே சென்றிருந்தால், நூலின் பெயரையும் அதை எழுதியவர் பெயரையும் அவள் எழுதிக்கொண்டிருப்பாள். மழையின் மேலும் கறையானின் மேலும் பழி போட்டு நாம் தப்பிக்க முடியாது. கறையானுக்கு அந்தப் பெட்டியை விட்டுக்கொடுத்தது நம்முடைய தாமதமே.

வாசக அன்பர்களின் இல்லத்துப் பரணிலோ அறைமூலையிலோ அத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். இம்மாதமே அதைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம். ஓதத் தெரியவில்லையெனில், தெரிந்தவரை அழையுங்கள். அழைக்கப்பட்டவர் நம்மைப் போலக் காலம் கடத்தினால், மீண்டும் அழையுங்கள். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அந்த ஊக்கத்தைத் தந்தருள்வானாக.